வராத மாநிலமும் ஒப்பாத மாநிலமும்: அமெரிக்காவின் முதல் தேசிய அரசு குறித்து

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 6

1781 முதல் 1789 வரை, இன்றைய அரசியல் சட்டத்துக்கு முன்பிருந்த கூட்டமைப்பு விதிகளின் (Articles of Confederation) கீழ் நடந்த அமெரிக்க அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை, அதனால்தான் அது தோற்றது என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. ஒரே வரியில் முடிந்துவிடும் இந்த விடையே போதும் என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜனவரி 6, இரவு

போதாது. அந்த அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாம் என்று மிகப் பெரும்பாலான மாநிலங்கள் ஒப்புக்கொண்ட பிறகும் அது ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. 1781 பிப்ரவரியில், இறக்குமதிப் பொருள்களின் மீது நூற்றுக்கு ஐந்து வீதம் தீர்வை விதிக்கக் காங்கிரஸ், அதாவது மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடிய தேசிய அவை, மாநிலங்களிடம் அனுமதி கேட்டது. பதின்மூன்றாம் விதிப்படி ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் ஒப்பினாலன்றி எந்தத் திருத்தமும் செல்லாது. ஒப்புதல்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நிலையில், 1782 நவம்பரில், பரப்பில் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் முடியாது என்றது. சமாதானம் பேசுவதற்காக டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒரு குழு புறப்பட்டது. அது சிறிது தூரம் போவதற்குள், முன்பு ஒப்பியிருந்த வர்ஜீனியாவே தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றுவிட்டதாகச் செய்தி வந்தது. குழு வந்த வழியே திரும்பியது.

ஆகவே என் வாதம் இதுதான்: வரி இல்லாமல் போனது விளைவு. எல்லாரும் ஒருமனதாக ஒப்ப வேண்டும் என்ற விதியும், வராதவரையும் மறுத்தவரையும் ஒன்றாகவே எண்ணிய வாக்கு முறையும்தான் காரணம்.

ஜனவரி 7

"வராதவரையும் மறுத்தவரையும் ஒன்றாக எண்ணுவது" என்றால் என்னவென்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு. மாநிலம் இரண்டு முதல் ஏழு பிரதிநிதிகள் வரை அனுப்பலாம். இரண்டு பேருக்குக் குறைந்தால் அந்த மாநிலத்தின் வாக்கு எண்ணப்படாது. வந்தவர்கள் இரண்டாகப் பிளந்து சமமாக நின்றாலும் எண்ணப்படாது. போர், உடன்படிக்கை, நாணயம், கடன், செலவு என்று எது பெரிய விஷயமோ அதற்கெல்லாம் ஒன்பது மாநிலங்களின் ஆதரவு வேண்டும். இது வந்திருப்பவர்களில் இத்தனை பங்கு என்ற கணக்கு அன்று. பத்தே மாநிலங்கள் வந்திருந்தாலும் ஒன்பது வேண்டும். அப்படியிருக்க, வீட்டில் படுத்துக்கிடந்தவரும் அவையில் எழுந்து நின்று எதிர்த்தவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

இதற்கு மேல் பிரதிநிதிகளின் செலவை அவரவர் மாநிலமே ஏற்க வேண்டும். பணமில்லாத மாநிலம் ஆள் அனுப்பாது. அனுப்பிய ஆளை நினைத்தபோது திரும்ப அழைத்துக்கொள்ளலாம். ஆறு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் இருக்கவும் கூடாது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மேடிசன் போன்ற உழைப்பாளி 1783இல் இந்த விதியால்தான் வெளியேறினார்.

காங்கிரஸின் நாட்குறிப்புகள் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. பல ஆண்டுகள் இந்தப் பகுதியைக் கல்லூரியில் நடத்திய பிறகு, ஓய்வு பெற்றுத்தான் அவற்றைப் பொறுமையாகப் படித்தேன். குளிர்காலப் பக்கங்களில் எந்த மாநிலத்திலிருந்து யார் வந்திருக்கிறார் என்ற பட்டியலும், கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாததால் ஒத்திவைப்பு என்ற குறிப்பும் தவிர வேறெதுவும் இல்லாத நாள்கள் வரிசையாக வருகின்றன. பாடநூலின் "ஐந்து பலவீனங்கள்" பட்டியலில் இதைக் காண முடியாது.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

ஓர் எடுத்துக்காட்டு சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பிரிட்டனோடு போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கை 1783 செப்டம்பர் 3 அன்று கையெழுத்தானது. ஆறு மாதங்களுக்குள், அதாவது 1784 மார்ச் 3க்குள், இரு நாடுகளின் ஒப்புதல் பத்திரங்களும் கைமாற வேண்டும். கடலைக் கடக்கவே மாதக்கணக்காகும். காங்கிரஸ் அப்போது மேரிலாந்தின் அனாபொலிஸ் நகரில் கூடியிருந்தது. டிசம்பர் 23 அன்று வாஷிங்டன் படைத்தலைமையைத் துறந்து உரையாற்றியபோது அவையில் இருந்தவை ஏழு மாநிலங்கள். விடுதலையையே உறுதிசெய்யும் உடன்படிக்கைக்கு ஒன்பது கிடைக்கவில்லை. தென் கரோலினாவின் பிரதிநிதி ஒருவர் ஃபிலடெல்ஃபியாவில் உடல்நலமின்றி இருந்ததால், அவர் இருக்கும் இடத்துக்கே அவையைக் கொண்டுபோகலாமா என்றுகூடப் பேச்சு எழுந்தது. ஏழு மாநிலங்களே ஒப்பினால் போதாதா என்று சிலர் கேட்டதை வர்ஜீனியாவின் பிரதிநிதி தாமஸ் ஜெஃபர்சன் ஏற்கவில்லை. கடைசியில் கனெக்டிகட்காரர்கள் வந்தார்கள், நோயாளியும் வந்து சேர்ந்தார், 1784 ஜனவரி 14 அன்று ஒப்புதல் நிறைவேறியது. பத்திரம் காலக்கெடுவைத் தாண்டியே ஐரோப்பாவைச் சேர்ந்தது. பிரிட்டன் அதைப் பெரிதுபடுத்தவில்லை என்பது நல்ல காலம்.

அனாபொலிஸில் அவை கூடிய அந்த அறையைப் பார்த்திருக்கிறேன். இப்போது அங்கே வாஷிங்டனின் வெண்கலச் சிலை நிற்கிறது. நான் எதிர்பார்த்ததைவிடச் சிறிய அறை. அதையும் நிரப்ப முடியாத அவை அது.

ஜனவரி 8

இன்னும் வேண்டுமென்றால்: 1785 நவம்பரில் காங்கிரஸின் தலைவராக ஜான் ஹான்காக் தேர்ந்தெடுக்கப்பட்டார். உடல்நலம் சரியில்லை என்று அவர் ஒருநாள்கூட வந்து நாற்காலியில் அமரவில்லை. மறுஆண்டு பதவி விலகல் கடிதம் மட்டும் வந்தது.

ஜனவரி 10

"இப்படி ஒரு விதியை எழுதியவர்கள் அறிவிலிகளா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அறிவிலிகள் அல்லர், அவர்கள் அஞ்சியவர்கள், அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. தொலைதூரத்து நாடாளுமன்றம் தங்களைக் கேட்காமல் வரி போட்டதற்காகத்தான் துப்பாக்கி எடுத்தார்கள். அதே அதிகாரத்தை இன்னோர் அவைக்கு உடனே தூக்கிக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

1776 ஜூலையில் ஜான் டிக்கின்சன் எழுதிய முதல் வரைவு, கடைசியில் நிறைவேறியதைவிட வலுவானது. அதை நீர்த்துப்போகச் செய்தவர்களில் முதன்மையானவர் வட கரோலினாவின் தாமஸ் பர்க். வெளிப்படையாகக் காங்கிரஸுக்குக் கொடுக்கப்படாத அதிகாரம் அனைத்தும் மாநிலத்துக்கே என்று, மாநிலங்களின் இறையாண்மையைச் சொல்லும் இரண்டாம் விதி அவர் கொண்டுவந்த திருத்தத்திலிருந்து பிறந்தது. 1777 நவம்பர் 15 அன்று, பிரிட்டிஷ் படைகள் ஃபிலடெல்ஃபியாவைப் பிடித்திருந்ததால் யார்க் என்ற சிற்றூருக்கு ஒதுங்கியிருந்த காங்கிரஸ், விதிகளை நிறைவேற்றியது. ஆனால் நடைமுறைக்கு வந்தது 1781 மார்ச் 1இல். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளுக்கும் மேலான தாமதத்துக்கு, மேற்கே பரந்த நிலங்களுக்கு உரிமை கொண்டாடிய வர்ஜீனியா அவற்றை விட்டுக்கொடுக்காமல் கையெழுத்திட மாட்டேன் என்று மேரிலாந்து பிடித்த பிடிவாதமே பெரிய காரணம். ஒரு மாநிலம் நினைத்தால் எல்லாவற்றையும் நிறுத்தலாம் என்பது விதிகள் உயிர்பெறும் முன்பே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

மேரிலாந்தின் பிடிவாதம் மட்டும் நாட்டுக்கு நன்மையாக முடிந்தது. மேற்கு நிலங்கள் பொதுச்சொத்தாயின. ஒருமனது விதியை நான் திட்டும்போதெல்லாம் இது குறுக்கே வந்து நிற்கிறது.

ஜனவரி 11

1776 விவாதங்களைப் பற்றிக் கேட்டவருக்கு ஒரு காட்சி. பொதுச்செலவை மாநிலங்களிடையே எப்படிப் பங்கிடுவது? மக்கள்தொகைப்படி என்றது டிக்கின்சன் வரைவு. வெள்ளையரை மட்டும் எண்ண வேண்டும் என்றார் மேரிலாந்தின் சாமுவேல் சேஸ். அடிமைகள் எங்கள் உடைமையா என்றே விவாதிக்கப் போகிறீர்கள் என்றால் கூட்டமைப்பு இத்தோடு முடிந்தது என்றார் தென் கரோலினாவின் தாமஸ் லிஞ்ச். நிலத்துக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் இல்லாத வரி இவர்களுக்கு மட்டும் ஏன் என்றும் கேட்டார். ஆடுகள் ஒருநாளும் கலகம் செய்யமாட்டா, வேறுபாடு அதுதான் என்றார் ஃபிராங்க்ளின். ஜான் ஆடம்ஸின் குறிப்புகளால் இது நமக்குக் கிடைத்தது.

முடிவில் நிலமும் கட்டடங்களும் பெறும் மதிப்பின்படி பங்கிடுவது என்றார்கள். அந்த மதிப்பீடு நிறைவேறவே இல்லை. 1783இல் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணும் திருத்தம் முன்வைக்கப்பட்டது. ஒருமனதாகாததால் அதுவும் விழுந்தது. 1787இல் அதே பின்னம் அரசியல் சட்டத்தில் ஏறியது.

ஜனவரி 15

ரோட் ஐலண்டை நான் வில்லனாக்குகிறேன் என்ற கண்டனத்தைக் கொஞ்சம் யோசித்தேன். நியாயம் இருக்கிறது. அது துறைமுகங்களை நம்பி வாழ்ந்த மாநிலம். இறக்குமதித் தீர்வைதான் அதன் வருமானம். அதைக் கொண்டுதான் தன் போர்க்கடனைத் தீர்க்க முடியும். மேற்கே நிலமும் கிடையாது. மாநிலத்துக்குக் கட்டுப்படாத வசூல் அதிகாரிகள் உள்ளே வருவார்களே என்று அதன் பிரதிநிதி டேவிட் ஹோவெல் வாதிட்டபோது, அது 1760களில் எல்லாக் காலனிகளும் சொன்ன வாதம்தான்.

1783இல் காங்கிரஸ் மறுபடி கேட்டது. இம்முறை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மட்டும், அதிகாரிகளை மாநிலங்களே நியமிக்கலாம் என்று இறங்கி வந்தது. ரோட் ஐலண்டும் பின்னர் வழிக்கு வந்தது. இப்போது தடுத்தது நியூயார்க். பக்கத்து நியூ ஜெர்சிக்கும் கனெக்டிகட்டுக்கும் போகும் சரக்கெல்லாம் அதன் துறைமுகத்தில்தான் இறங்கியது. அண்டை மாநிலத்தவர் வாங்கும் துணிக்கும் சர்க்கரைக்கும் நியூயார்க் தீர்வை பிடித்தது. அந்த வருமானத்தை யார் விடுவார்? 1786இல் காங்கிரஸால் ஏற்க முடியாத நிபந்தனைகளோடு ஒப்பியது; சிறப்புக் கூட்டம் கூட்டும்படி கேட்டதற்கு ஆளுநர் ஜார்ஜ் கிளின்டன் மறுத்தார்; 1787 பிப்ரவரியில் கதவு மூடியேவிட்டது.

வெகுண்ட நியூ ஜெர்சி 1786 பிப்ரவரியில், நியூயார்க் ஒப்பும்வரை எங்கள் பங்கும் கிடையாது என்று அறிவித்தது. காங்கிரஸ் மூன்று பேரை அனுப்பிக் கெஞ்சியது. தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். பணம் மட்டும் வரவில்லை.

நான் பொருளாளராக இருந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் லிஃப்ட் பழுதுக்குப் பணம் கேட்டபோது, தரைத்தள வீட்டுக்காரர் "எனக்கு எதற்கு லிஃப்ட்?" என்றார், அவர் தரும்வரை நாங்களும் தரமாட்டோம் என்றார்கள் முதல் தளத்தார். 1786இல் நடந்தது என்னவென்று அன்றுதான் எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஜனவரி 16

கேள்வி கேட்டவர் விடவில்லை: "ஒன்பது மாநிலங்கள் போதும் என்று பதின்மூன்றாம் விதி இருந்திருந்தால் வரி கிடைத்திருக்கும். அப்போது அரசு பிழைத்திருக்கும். ஆக வரிதானே காரணம்?"

பாதி ஒப்புகிறேன். மாநிலங்களிடம் தொகை கேட்டு எழுதும் முறையின் லட்சணம் இது: 1781 அக்டோபரில் கேட்டது 80 லட்சம் டாலர்; 1784 தொடக்கம்வரை வந்தது ஏறத்தாழ 15 லட்சம். நிதிக் கண்காணிப்பாளர் ராபர்ட் மாரிஸ் தம் சொந்தப் பெயரின் மதிப்பில் சீட்டுகள் எழுதிக் கொடுத்துப் படைக்குப் பணம் புரட்ட வேண்டியிருந்தது. அதற்கு முன் அச்சடித்த காகிதப் பணத்தை 1780 மார்ச்சில் காங்கிரஸே நாற்பதுக்கு ஒன்று என்று மதிப்பிறக்கியிருந்தது.

ஆனாலும் வரி மட்டும் வந்திருந்தால் போதாது என்பேன். தனிமனிதர் மீது ஆணை செலுத்த முடியாத அரசு அது. மாநிலத்துக்கு மட்டுமே கடிதம் எழுதலாம். பிரிட்டிஷ் வணிகர்களின் பழைய கடன்களை வசூலிக்கத் தடை போடக் கூடாது என்றது பாரிஸ் உடன்படிக்கை. மாநிலங்கள் தடை போட்டன, காங்கிரஸ் கடிதம் எழுதியது. அதைக் காரணம் காட்டி டெட்ராய்ட், நயாகரா, ஆஸ்வீகோ கோட்டைகளை விட்டு பிரிட்டன் 1796வரை நகரவில்லை. இதற்குச் சுங்கப் பணம் என்ன செய்யும்?

ஜனவரி 19

டிக்கின்சனைப் பற்றி ஒருவர் கேட்டதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். 1783 ஜூன் 21 அன்று, சம்பளம் கிடைக்காத படைவீரர் நானூறு பேர் அளவில் ஃபிலடெல்ஃபியாவில் அவை கூடிய கட்டடத்தைச் சூழ்ந்தனர். காங்கிரஸுக்கென்று கூப்பிடக் காவற்படை இல்லை. பென்சில்வேனியா மாநிலத்தைத்தான் கேட்க வேண்டும். கேட்டார்கள். மாநில நிர்வாக மன்றத்தின் தலைவர், நகரப் படையினர் தம் தோழர்கள் மீது சுடுவார்களா என்பது ஐயமே என்று சொல்லி அழைக்க மறுத்தார். அந்தத் தலைவர் ஜான் டிக்கின்சன். தாம் தொடங்கிவைத்த அரசு தம் மாநிலத்தின் தயவில் நின்றபோது, அவர் மாநிலத்தின் நாற்காலியில் இருந்தார். காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்குப் போயிற்று. பிறகு அனாபொலிஸ், டிரென்டன், நியூயார்க்.

1786 செப்டம்பரில் இதே அனாபொலிஸில் ஐந்து மாநிலங்கள் மட்டும் வந்து, ஃபிலடெல்ஃபியாவில் மாநாடு கூட்டும்படி அழைப்பு விடுத்த கூட்டத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? அவரேதான். மனிதர் எல்லா இடத்திலும் இருந்திருக்கிறார். அவர் மட்டும் வருகைப் பதிவேட்டில் தவறவில்லை.

ஜனவரி 20

"உண்மையில் முதல் குடியரசுத் தலைவர் ஜான் ஹேன்சன், வாஷிங்டன் அல்லர்" என்று பகிரப்படும் படத்தை இங்கேயும் ஒருவர் போட்டிருக்கிறார். அவையை நடத்தும் தலைவர் பதவி அது. நிர்வாக அதிகாரம் எதுவும் கிடையாது. அந்தக் கணக்கிலும் அவர் முதலாமவர் அல்லர். 1781 மார்ச்சில் நாற்காலியில் இருந்தவர் சாமுவேல் ஹன்டிங்டன், அடுத்து தாமஸ் மெக்கீன். விதிகளின்படி ஓராண்டுப் பதவிக்கு 1781 நவம்பரில் தேர்வானவர் ஹேன்சன். சலிப்பும் உடல்நலக் குறைவுமாக ஒரு வாரத்திலேயே விலக நினைத்தாராம். வேறொருவரைத் தேர்ந்தெடுக்கக் கோரம் இல்லை, இருந்துவிடுங்கள் என்றார்கள். என் வாதத்துக்கு இவ்வளவு உதவி செய்தவரை நான் குறை சொல்ல முடியாது.

ஜனவரி 24

1784 ஏப்ரல் 19. மேற்கு நிலப்பகுதி முழுவதிலும் 1800க்குப் பிறகு அடிமைமுறை கூடாது என்று ஜெஃபர்சன் குழு எழுதிய பிரிவு நீடிக்கலாமா என்று வாக்கெடுப்பு. ஏழு மாநிலங்கள் வேண்டும்; ஆதரித்தவை ஆறு. வட கரோலினா இரண்டாகப் பிளந்தது. ஜெஃபர்சனின் சொந்த வர்ஜீனியாவில் உடனிருந்த இருவரும் அவருக்கு எதிர். டெலவேரும் ஜார்ஜியாவும் வரவே இல்லை. நியூ ஜெர்சிப் பிரதிநிதி ஒருவர் ஆதரித்தார். ஆனால் இன்னொருவரான ஜான் பீட்டி உடல்நலமின்றி விடுதியில் படுத்திருந்ததால் ஒற்றை ஆளின் வாக்கு எண்ணப்படவில்லை. பிரிவு நீக்கப்பட்டது. பிறவாத கோடிக்கணக்கானோரின் கதி ஒரு மனிதரின் நாவில் தொங்கியது என்று பின்னால் ஜெஃபர்சன் எழுதினார்.

இதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நானும் அந்த நாடகத்தில் மயங்கியிருக்கிறேன். ஆனால் 1800வரை அடிமைகளைக் கொண்டுவரத் தடையில்லாத சட்டத்தை, அதற்குள் அங்கே பரவி வேரூன்றிவிட்ட பண்ணையார்களிடம் எந்த அரசு நடத்திக் காட்டியிருக்கும்? கடிதம் மட்டும் எழுதத் தெரிந்த அரசா?

ஜனவரி 26

"நல்லது ஒன்றுமே செய்யவில்லையா?" செய்தது. வயோமிங் பள்ளத்தாக்குக்காக (இது இன்றைய பென்சில்வேனியாவில் உள்ளது, வயோமிங் மாநிலம் அன்று) கனெக்டிகட்டும் பென்சில்வேனியாவும் ஆள்பலத்தோடு மோதிய வழக்கில், 1782 டிசம்பரில் டிரென்டனில் விசாரித்துத் தீர்ப்பு சொன்னது. இரு மாநிலங்களும் தீர்ப்பை ஏற்றன. 1785இல் மேற்கு நிலத்தை ஆறு மைல் சதுரங்களாக அளந்து, ஒவ்வொன்றையும் 36 பாகங்களாக்கி, பதினாறாம் பாகத்தைப் பள்ளிக்கு ஒதுக்கியது. 1787 ஜூலை 13 அன்று வடமேற்குப் பகுதிச் சட்டத்தை எட்டே மாநிலங்களின் வருகையோடு நிறைவேற்றி, அங்கே அடிமைமுறையை விலக்கியது. எட்டு மாநிலங்கள் வந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அந்த நிலங்களில் வாழ்ந்த பழங்குடி மக்களை யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஜனவரி 29

வரிக் கட்சிக்காரருக்கு இன்று நானே ஒரு சான்று தருகிறேன். மத்தியில் பணமில்லாததால் போர்க்கடனின் சுமையை மாநிலங்கள் சுமந்தன. மாசசூசெட்ஸ் கடுமையான வரி போட்டது. கையில் ரொக்கம் இல்லாத உழவர்களின் மாடும் நிலமும் ஜப்தியாயின. 1786 ஆகஸ்டில் நார்தாம்ப்டனில் நீதிமன்றத்தைக் கூடவிடாமல் தடுத்தார்கள். டேனியல் ஷேஸ் பெயரால் அறியப்படும் அந்தக் கலகம் 1787 ஜனவரி 25 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக்கிடங்கின் முன் பீரங்கிக் குண்டுகளுக்கு நால்வரைப் பலிகொடுத்தது. கலகத்தை அடக்கப் போன தளபதி பெஞ்சமின் லிங்கனின் படைக்குப் பணம் கொடுத்தவர்கள் பாஸ்டன் செல்வர்கள்.

கிடங்கு காங்கிரஸின் சொத்து. ஆயுதங்களை எடுக்கலாமா என்று மாநிலப் படைத்தலைவர் ஷெப்பர்ட் கேட்டபோது, காங்கிரஸின் அனுமதி வேண்டும், காங்கிரஸோ இப்போது கூட்டத்தில் இல்லை என்று பதில் வந்தது. அவர் எடுத்துக்கொண்டார். ஆக வரிக்காரர் வென்ற இடத்திலும் வருகைப் பதிவேடு குறுக்கே வருகிறது.

பிப்ரவரி 2

இடையில் கேட்ட ஒரு வேடிக்கைக் கதை. 1784 கோடையில், காங்கிரஸ் கலைந்திருக்கும்போது வேலையைக் கவனிக்க மாநிலத்துக்கு ஒருவர் என்று ஒரு குழுவை விட்டுப் போனார்கள். சண்டையிட்டு அதுவும் ஆகஸ்டில் கலைந்தது. பாரிஸில் இதைக் கேட்ட ஃபிராங்க்ளின், எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தில் குளிர்காலம் முழுக்க அடைபட்ட இரு காவலர்களைப் பற்றிச் சொன்னாராம். வசந்தத்தில் வந்த முதல் படகுக்காரர் "உங்கள் கூட்டாளி எப்படி?" என்று கேட்க, "தெரியாது, போன இலையுதிர்காலத்துக்குப் பிறகு பார்க்கவில்லை" என்றாராம் ஒருவர். சண்டை போட்டுக்கொண்டு ஒருவர் மேல்தளத்திலும் ஒருவர் கீழ்த்தளத்திலுமாக இருந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 5

கடைசிக் கேள்வி சட்டம் படிப்பவர் ஒருவருடையது: 1787 மாநாடு பதின்மூன்றாம் விதியை மீறியதுதானே? ஆம். திருத்தம் செய்யப் போனவர்கள் புதியதை எழுதினார்கள். எல்லா மாநிலங்களும் ஒப்ப வேண்டும் என்பதை விட்டுவிட்டு, ஒன்பது மாநிலங்களின் மாநாடுகள் ஒப்பினால் அவற்றுக்குள் நடைமுறைக்கு வரும் என்றார்கள். ரோட் ஐலண்ட் மாநாட்டுக்கே ஆள் அனுப்பவில்லை என்பதால் வேறு வழியும் இல்லை. 1788 ஜூன் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக வந்தது. ரோட் ஐலண்ட், வணிகத்தைத் துண்டிக்கும் மசோதாவை செனட் நிறைவேற்றிய பிறகு, 1790 மே 29 அன்று 34க்கு 32 என்று சேர்ந்தது. புரட்சி என்றே அழைக்கலாம். நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒருமனது விதி அன்றோடு ஒழிந்தது என்று அவர் எழுதியது சரியன்று. டெலவேர் தன் பிரதிநிதிகளைச் சம வாக்கை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற கட்டளையோடுதான் அனுப்பியது. அதன் பலன் செனட்டில் மாநிலத்துக்கு இருவர். அத்தோடு விடவில்லை: புதிய அரசியல் சட்டத்தின் ஐந்தாம் விதி, எந்த மாநிலத்தின் செனட் சம வாக்கையும் அதன் ஒப்புதலின்றிப் பறிக்க முடியாது என்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி கலிஃபோர்னியாவில் 3.95 கோடி மக்கள், வயோமிங் மாநிலத்தில் 5.77 லட்சம், இருவருக்கும் இரண்டிரண்டு செனட்டர்கள். இதை மாற்ற வேண்டுமானால் இன்றும் வயோமிங்கைக் கேட்க வேண்டும்.